கிழிக்காமல் கொடுத்த காசோலை

தவக்காலம் தொடங்குவதற்கு முன்னர் மகளின் கலியாணத்தை முடித்தே தீருவேன் என்று யூஜினி ஒற்றைக்காலில் நின்றபடியால்தான் எல்லோரும் அந்தப் பனிக்குள் அல்லாட வேண்டி வந்தது. விபூதிப் புதன் வந்துவிட்டால் உயிர்த்த ஞாயிறு கழியும்வரை பங்குச் சுவாமியிடம் கலியாணப் பேச்சே எடுக்க முடியாது. அதற்குப் பிறகு மண்டபம் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கேட்டு மயங்கி விழ வேண்டியதுதான். ஆகவே பெப்ரவரி நடுவில் ஒரு சனிக்கிழமை. விடிந்து பார்த்தால் விட்பி நகரம் முழுக்க முழங்காலளவு பனி.

பெண்ணின் தகப்பன் ஜூலியன், கடைகளின் வாகனத் தரிப்பிடங்களில் பனி தள்ளி உப்புப் போடுகிற கொம்பனியில் வேலை செய்கிறவன். மகளின் கலியாணத்தன்றும் முதலாளியிடம் ட்ரக்கைக் கேட்டு வாங்கி, கோட்டுக்கு மேலே வேலை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, மண்டப வாசலைத் தானே வழித்தான். தகப்பன் எங்கே என்று கேட்டவர்களுக்கு, வெளியே சுழன்றுகொண்டிருந்த ட்ரக்கின் மஞ்சள் வெளிச்சத்தைக் காட்டினார்கள். ஆனாலும் சொல்ல வேண்டும், கலியாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. யூஜினி நினைத்த காரியம் எதுவும் நடக்காமல் போனது கிடையாது. அது அவளுக்குப் பெருமை. பக்கத்தில் இருக்கிறவர்களுக்குச் சில வேளை தொந்தரவு.

ஞாயிறு மத்தியானம் பெண்ணும் மாப்பிள்ளையும் சாப்பிட வந்தார்கள். மண்டபத்து ஆட்டிறைச்சியும் புரியாணியும் மூன்று தட்டு நிறைய மிஞ்சிக் கிடந்தும், வயிறு ஆறட்டும் என்று யூஜினி சோறும் பாற்சொதியும் பொரித்த சூடை மீனும் வைத்தாள். சாப்பிட்டு முடிந்ததும் மாப்பிள்ளை மிதுனன் மாமனாரோடு முற்றத்துப் பனி தள்ளப் போய்விட்டான். தாயும் மகளும் சாப்பாட்டு மேசையில் என்வலப்புகளைக் கொட்டிப் பிரித்தார்கள்.

"வேரோனிக்கா அக்கான்ரை எங்கை? அதை முதல் எடு பிள்ளை. ஞானத்தாய் குடுத்ததை முதல் பாக்க வேணும்" என்றாள் யூஜினி.

வேரோனிக்கா, ஜெனிற்றாவுக்கு ஞானஸ்நானத்தின்போது தொட்டுப் பிடித்த ஞானத்தாய். யூஜினி கனடாவுக்கு வந்திறங்கிய தை மாதத்தில், மெல்லிய சல்வாரோடு விமான நிலையத்தில் நடுங்கி நின்றவளைத் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், சப்பாத்து வாங்கிக் கொடுத்து, வேலையும் தேடிக் கொடுத்தவள். புருஷன் செத்துப் போனான், பிள்ளைகள் இல்லை. ஜெனிற்றாதான் எல்லாம். ஜெனிற்றாவும் அவளைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

ஜெனிற்றா என்வலப்பைப் பிரித்தாள். உள்ளே ஒரு முழுத்தாள் நாலாக மடித்து இருந்தது. விரித்தால், மேல்பாதி முழுக்க எழுத்தும் கட்டம்போட்ட ஒரு பெரிய பெட்டியும். கீழே ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று காசோலைகள், பிரிக்கிற இடத்தில் புள்ளிக் கோடு போட்டபடி. முதலாவதில் ஜெனிற்றாவின் பெயரும் இரண்டாயிரத்தொரு டொலரும் வேரோனிக்காவின் சரிந்த கையெழுத்தும். மற்ற இரண்டும் வெறுமை.

"அம்மா, பெரியம்மா முழு ஷீற்றையும் வைச்சிட்டா. மற்ற ரெண்டு செக்கும் பிளாங்காய்க் கிடக்கு."

"ஐயையோ. ஆரும் எடுத்து எழுதினால் அவவின்ரை பாங்கிலை காசு போயிடுமெல்லோ?"

ஜெனிற்றா பெட்டிக்குள் இருந்ததை வாசித்தாள். அவள் பல் வைத்தியரின் கிளினிக்கில் முன்மேசையில் இருக்கிறவள். காப்புறுதிக் கடுதாசிகள் வாசித்து வாசித்து, சின்ன எழுத்துக்குப் பயம் இல்லாமல் போய்விட்டது. வாசிக்க வாசிக்க முகம் மாறியது.

"இது பாங்க் செக் இல்லை அம்மா. திஸ் இஸ் எ கிரெடிற் கார்ட் செக். நாங்கள் மாத்தினால் அவவின்ரை கார்டிலை கடனாய் ஏறும்."

"கடனோ?"

"ஓம். மாத்திற அண்டைக்கே ஃபீ எடுப்பினம். அண்டையிலை இருந்தே வட்டி ஓடும். வாற வெள்ளிக்கிழமைக்குள்ளை கணக்கிலை விழுந்தால் வட்டி குறைவு, செப்டெம்பர் முடியும் வரைக்கும். வெள்ளி தாண்டினால் முதல் நாளே இருபத்திரண்டு தசம் ஒம்பது ஒம்பது."

யூஜினி கதிரையில் சாய்ந்தாள். வேரோனிக்கா வேலை செய்த லோன்றி ஆவணியில் பூட்டுப்பட்டுவிட்டது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து மடித்து அனுப்புகிற இடம். பதினெட்டு வருடம் அங்கே விரிப்பு மடித்து, கடைசியில் மேற்பார்வையும் பார்த்தவளுக்கு, இந்த வயதில் வேறு வேலை சுலபமாகக் கிடைக்குமா? அப்படிப்பட்டவள் கடன்பட்டு எழுதியிருக்கிறாள் என்று நினைக்கவே யூஜினிக்கு நெஞ்சு எரிந்தது.

ஜூலியன் மூக்கு சிவக்க உள்ளே வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கையுறையைக் கழற்றி ஹீற்றருக்கு மேலே வைத்தான்.

"குடுத்தவ. வாங்கினம். மாத்துங்கோ. மற்ற ரெண்டையும் கவனமாய்க் குடுத்தனுப்பினால் சரி" என்றான்.

"உங்களுக்கு விசரே? வேலை இல்லாத மனுசி வட்டிக்கு எடுத்துத் தந்த காசிலையோ எங்கடை பிள்ளை வீட்டுத் தளவாடம் வாங்கிறது?"

"நீர் அதைத் திருப்பிக் குடுத்தால் அவ இனி இந்த வாசல் மிதிக்க மாட்டா. நான் சொல்லிறதைக் கேளும்."

"நான் கதைச்சால் வேரோனிக்கா அக்கா கேப்பா."

ஜூலியன் ஹீற்றருக்கு மேலே கிடந்த கையுறையைப் புரட்டிப் போட்டான். முப்பது வருடக் குடித்தனத்தில், எப்போது வாயை மூட வேண்டும் என்பது அவனுக்குப் பழகியிருந்தது. மிதுனன் மட்டும், போன் எடுத்துக் கேட்டால் என்ன என்றான். கலியாணக் காசைப் பற்றி போனில் கதைக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை என்று மாமியார் சொன்னாள். புது மாப்பிள்ளையும் அன்று ஒரு பாடம் படித்தான்.

மறுநாள் திங்கட்கிழமை குடும்ப தின விடுமுறை. ஆனாலும் யூஜினி வேலை செய்கிற தமிழ்க் கடை அரைநாள் திறந்திருந்தது. தவக்காலம் வருகிறது, மீன் பெட்டிகள் வந்து இறங்கியிருந்தன. கடையின் பின்பக்கத்து மீன் மேசை அவளுடைய ராச்சியம். றப்பர் ஏப்ரனும் இரட்டைக் கையுறையும் போட்டு, காலையிலிருந்து விளைமீனும் பாரையும் அறக்குளாவும் வெட்டினாள். செதிள் தெறித்து நெற்றியில் ஒட்டும். ஐஸ் தண்ணீருக்குள் விரல் மரத்துப்போகும். வரிசையில் நிற்கிற சனம், தலையை வேறாய்ப் போடு, முள்ளை எடு, குழம்புக்கு வெட்டு, பொரிக்க வெட்டு என்று ஆளுக்கொரு கட்டளை போடும். யூஜினி ஒருவரோடும் எரிந்து விழமாட்டாள். எரிந்து விழாமலே தன் இஷ்டத்துக்கு வெட்டிக் கொடுத்துவிடுவாள்.

வேலை முடிய ஜெனிற்றா காரில் வந்து ஏற்றினாள். யூஜினியின் கையில் இரண்டு கிலோ விளைமீன் பை. வேரோனிக்காவின் வேலை போன நாளிலிருந்து ஒவ்வொரு கிழமையும் மீன் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் வழக்கம். இந்தச் சனிக்கிழமை கலியாணத்தோடு தவறிவிட்டது.

வேரோனிக்கா எக்ளின்டன் வீதியில், ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடியில் இருந்தாள். கதவு திறந்ததும் கருகிய வெங்காய மணம் வந்தது. அவள் றொட்டிக்கு மாவைக் குழைத்துக்கொண்டிருந்தாள். கலியாணத்துக்குப் போட்ட கொண்டையில் ஊசிகள் இன்னும் இருந்தன.

"வா பிள்ளை, வா. மாப்பிள்ளையை விட்டிட்டு வந்திட்டியோ அதுக்குள்ளை? யூஜினி, சப்பாத்தை உதிலை கழட்டு, உள்ளுக்குப் பனியைக் கொண்டு வராதை."

யூஜினி நேரே குசினிக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்தாள், தன் வீட்டு ஃபிரிட்ஜைப் போல. மேல்தட்டில் மீன் பைகள் ஒன்றின் மேல் ஒன்றாக உறைந்து கிடந்தன. அவள் கொண்டுவந்தவைதான். பாதிக்கு மேல் கட்டுப் பிரிக்காதவை.

"என்னக்கா இது? ஒண்டும் சமைக்கேல்லையே?"

"சமைப்பம். நீ வந்து இரு."

இடமில்லாதபடியால் யூஜினி பையை மேசையிலேயே வைத்தாள். வேரோனிக்கா பிளேன்ரீ ஊற்றினாள், பனங்கட்டித் துண்டும் வைத்தாள். கலியாணத்தைப் பற்றிப் பத்து நிமிடம் கதைத்தார்கள். சுவாமியின் பிரசங்கம் நீளம், கேக் நல்லது, மாப்பிள்ளையின் தாய் கட்டிய சேலை அவவின் வயதுக்கு ஒவ்வாத நிறம். பிறகு யூஜினி, ஜெனிற்றாவின் கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசையில் விரித்தாள்.

"அக்கா, கோவிக்கக் கூடாது. நீங்கள் முழுத்தாளையும் வைச்சிட்டீங்கள். மற்ற ரெண்டு செக்கும் வெறுமையாய்க் கிடக்கு."

"தெரியும். நல்ல காரியத்துக்குப் போய்க் கிழிச்ச கடுதாசி குடுக்கிறதே? பிள்ளை தானே பிரிச்செடுப்பாள் எண்டு விட்டிட்டன். மற்ற ரெண்டையும் ஆர் எடுக்கப்போறது, நீங்களோ?"

"அது சரி. ஆனால் இது கடன் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

வேரோனிக்கா மாவுக் கையைத் துணியில் துடைத்தாள். அவசரப்படவில்லை.

"கடன் எண்டு தெரியும். எப்பிடிக் கடன் எண்டு தெரியாது. கார்ட்காரப் பிள்ளை ஒண்டு போன் எடுத்துது. செக் அனுப்பவோ அன்ரி எண்டு மரியாதையாய்க் கேட்டுது. கேளாமல் அனுப்பக் கூடாதாம், நீங்கள் சம்மதமெண்டு சொன்னால்தான் அனுப்புவினமாம். நானும் கலியாணம் வருகுதெண்டு நினைச்சு, அனுப்பு பிள்ளை எண்டன்."

"நாங்கள் உதை மாத்தேல்லை. மாத்தவும் மாட்டம். நீங்கள் வந்து நிண்டதே எங்களுக்குப் பெரிசு. இதைத் திருப்பி வையுங்கோ."

வேரோனிக்கா தாளைத் தொடவில்லை. யூஜினியையும் பார்க்கவில்லை. ஜெனிற்றாவைப் பார்த்தாள்.

"உதிலை என்ன எழுதியிருக்கெண்டு வாசி பிள்ளை. தமிழிலை சொல்லு. ஒண்டும் விடாமல்."

ஜெனிற்றா தாயைப் பார்த்தாள். தாய் தலையை ஆட்டினாள். வாசித்தால் அக்கா பயந்துவிடுவாள், வேலை சுலபமாக முடியும் என்று யூஜினி நினைத்தாள்.

"மாத்தின உடனை நூறுக்கு மூண்டு ஃபீ. எண்டால் அறுபது டொலர் வரும்."

"அறுபது. ம்."

"வட்டி அண்டைக்கே தொடங்கும்."

"கார்டாலை சாமான் வாங்கினால் இருபத்தொரு நாள் சும்மா விடுகிறவங்கள்தானே?"

"சாமானுக்கு விடுவினம் பெரியம்மா. செக்குக்கு அந்த நாள் இல்லை. அதைத்தான் இந்தப் பெட்டிக்குள்ளை தடிப்பாய்ப் போட்டிருக்கு."

"சரி. பிறகு?"

"வெள்ளிக்கிழமைக்குள்ளை கணக்கிலை விழுந்தால் வட்டி ரெண்டு வீதம்கூட இல்லை. அது செப்டெம்பர் முடிய மட்டும். அதுக்குள்ளை கட்டி முடிக்காட்டில், மிச்சத்துக்கு இருபத்திமூண்டு. ஒரு மாசம் கட்டப் பிந்தினாலும் குறைஞ்ச வட்டி போயிடும்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

வேரோனிக்கா விரல் மடித்துக் கணக்குப் பார்த்தாள். பார்த்து முடித்துத் தேநீரை ஒரு வாய் குடித்தாள்.

"மாசம் முந்நூறு. ஏழு மாசத்திலை முடியும். மாத்து பிள்ளை."

"அக்கா, என்ன கதைக்கிறீங்கள்? வேலை இல்லாமல் மாசம் முந்நூறுக்கு எங்கை போவீங்கள்?" என்றாள் யூஜினி.

"வாற விபூதிப் புதனண்டு வேலை தொடங்குது."

"என்ன வேலை? எனக்குச் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லையே. வாறாய், மீனை வைக்கிறாய், ஃபிரிட்ஜை அடுக்கிறாய், போறாய். வயோதிபர் இல்லத்து லோன்றி. காலமை ஆறு மணி. கோயில்லை செவ்வாய் பின்னேரமே விபூதி போடுவினமோ எண்டு கேட்டனான், இல்லையாம். வேலை முடிஞ்சுதான் பூசிக்கொண்டு வர வேணும்."

"நல்ல விஷயம்தானேக்கா. அப்ப அந்தக் காசு உங்களுக்கு வேணும். ஏன் உந்தக் கொள்ளைக்காரருக்குக் கட்டுவான்?"

வேரோனிக்கா எழுந்து அடுப்பைக் குறைத்தாள். திரும்பி வந்து உட்காரவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கொள்ளைதான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் எவ்வளவு எடுப்பம், எப்ப தொடங்குவம், எப்ப முடியும் எண்டு முன்னுக்கே எழுதித் தந்திருக்கிறாங்கள். நீ கொண்டு வாற மீனுக்கு அப்பிடி ஒண்டும் எழுதேல்லையே யூஜினி. அது எப்ப முடியும், என்னத்தைக் குடுத்து முடிக்கிறதெண்டு இண்டைவரைக்கும் எனக்குத் தெரியாது."

"நான் என்ன கடனாயோ தந்தனான்?"

"இல்லை. கடனெண்டால் கட்டியிருப்பன்."

யூஜினிக்குச் சுள்ளென்று கோபம்தான் முதலில் வந்தது. ஆறு மாதமாக, பனியோ மழையோ பார்க்காமல் பஸ் ஏறிக் கொண்டுவந்து கொடுத்ததற்கு இதுவா பேச்சு? வாய்வரை வந்துவிட்டது. ஆனால் வேரோனிக்காவின் கை கதிரையைப் பிடித்திருந்த விதத்தில் விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன. அந்தக் கைகள் முன்பு ஒரு தை மாதம் அவளுடைய காலுக்குச் சப்பாத்து மாட்டி விட்ட கைகள். அன்றைக்கு வேரோனிக்கா காசு கேட்கவில்லை, உண்மைதான். ஆனால் முதல் சம்பளத்தில் யூஜினி அந்தச் சப்பாத்துக் காசைக் கொண்டுபோய் நீட்டியபோது, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்து வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டாள். மறுநாள் வேலைக்குப் போகும்போது தலை நிமிர்ந்து நடந்தது யூஜினிக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. தான் நல்லது செய்கிறேன் என்ற நினைப்பில் இந்த மனுசியை ஆறு மாதமாகக் குனிய வைத்திருக்கிறேன் என்று அவளுக்கு விளங்கியது.

"ஞானத்தாய் குடுத்தது எண்டு மண்டபத்திலை என்ரை பேரைச் சொல்லித்தானே என்வலப்பை வாங்கினவை? சனம் முழுக்கக் கேட்டது. அது பொய்யாய்ப் போகக் கூடாது" என்றாள் வேரோனிக்கா, குரல் கொஞ்சம் இறங்கி.

"பொய்யாய்ப் போகாதக்கா" என்று யூஜினி மூக்கை உறிஞ்சினாள். "ஜெனிற்றா, போனை எடு. இப்பவே செக்கைப் படம் பிடிச்சு பாங்குக்கு அனுப்பு. அவவின்ரை கணக்கிலை விழ ரெண்டு மூண்டு நாள் எடுக்கும். வெள்ளி தாண்டினால் எங்களாலை அவவுக்கு நட்டம்."

"சீரியஸாவோ அம்மா?"

"எடு எண்டுறன்."

ஜெனிற்றா தாளைக் கையில் எடுத்துவிட்டுத் தயங்கினாள். "பெரியம்மா, இனிக் கிழிக்கலாமோ?"

"கலியாணம் முடிஞ்சுதுதானே. கிழி."

புள்ளிக் கோட்டில் மடித்து, நகத்தால் அழுத்தி, முதல் காசோலையை அவள் மெல்லப் பிரித்தெடுத்தாள். மேசைத் துணியில் மாவில்லாத இடம் பார்த்து வைத்து, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று படம் எடுத்தாள். பாங்குக்குப் போய்விட்டது என்று போன் மணிச்சத்தம் போல ஒன்றை எழுப்பியது. மற்ற இரண்டு வெறும் காசோலைகளையும் வேரோனிக்கா கேட்டு வாங்கி, கத்தரியால் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டாள். வட்டி விபரம் எழுதிய மேல்பாதியை மட்டும் ஃபிரிட்ஜ் கதவில், மாதாவின் படத்துக்குப் பக்கத்தில், காந்தம் வைத்து ஒட்டினாள்.

"செப்டெம்பர் முடியும் வரைக்கும் என்ரை கண்ணிலை படவேணும்" என்றாள்.

றொட்டி சுட்டாள். மூன்று பேரும் கட்டைச் சம்பலோடு சாப்பிட்டார்கள். ஜெனிற்றாவுக்கு உறைத்துக் கண்ணீர் வந்தது. கனடாவில் பிறந்த நாக்கு என்று இரண்டு பேரும் அவளைப் பகிடி பண்ணினார்கள். யன்னலுக்கு வெளியே திரும்பவும் பனி தூறத் தொடங்கியிருந்தது. இருட்ட முன்னர் வெளிக்கிட வேண்டும் என்று ஜெனிற்றா கார்த் திறப்பை எடுத்தாள்.

யூஜினி எழுந்து ஜாக்கெட்டைப் போட்டாள். போட்டுவிட்டு மேசையில் இருந்த மீன் பையைத் தொட்டுப் பார்த்தாள்.

"விளைமீன். கிலோ பதினாறு. உதிலை ரெண்டு கிலோ இருக்கு."

வேரோனிக்கா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். யூஜினியும் பார்வையை எடுக்கவில்லை.

"வெட்டுக்கூலி?"

"வெட்டுக்கூலி கடையிலை ஒருத்தரிட்டையும் வாங்கிறேல்லை."

வேரோனிக்கா அறைக்குள் போய்க் கைப்பையை எடுத்து வந்து, இரண்டு இருபது டொலர்த் தாள்களை நீட்டினாள். யூஜினி வாங்கினாள். மிச்சம் எட்டு டொலர். பேர்சில் ஐந்து டொலர்த் தாள் ஒன்றுதான் இருந்தது.

"விடுங்கோ அம்மா, மூண்டு டொலர்தானே" என்றாள் ஜெனிற்றா.

"நீ பேசாமல் நில்லு."

யூஜினி ஜாக்கெட்டின் எல்லாப் பொக்கற்றையும் தேடினாள். மீன் செதிள் ஒட்டிய ஒரு இரண்டு டொலர்க் குற்றியும் ஒரு ஒரு டொலர்க் குற்றியும் அகப்பட்டன. வேரோனிக்காவின் உள்ளங்கையில் எண்ணி வைத்தாள். வேரோனிக்கா தானும் ஒருமுறை எண்ணிப் பார்த்து, பேர்சுக்குள் போட்டு மூடினாள்.

கதவடியில் குனிந்து யூஜினி சப்பாத்தின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து வேரோனிக்காவின் குரல் வந்தது. பழைய குரல், லோன்றியில் ஐம்பது பெண்களை மேய்த்த குரல்.

"யூஜினி, அடுத்த சனி பாரை வந்தால் ஒரு கிலோ போதும். சின்னத் துண்டாய் வெட்டு. நீ வெட்டிற துண்டு பெரிசு, உள்ளுக்கு உப்புப் பிடிக்கிறேல்லை. ஆறு மாசமாய்ச் சொல்ல வேணுமெண்டு இருந்தனான்."